பத்தியம் முறித்த நாள்

சேலத்தில் இருதயத்துக்கென்றே தனியாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரைத் திருச்செங்கோட்டில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அது 1960களின் தொடக்கம். வரப்பில் நாலு எட்டு வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கண்ணுக்குத் தனி டாக்டர் உண்டு, பல்லுக்கு உண்டு. நெஞ்சுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போதே குழப்பம்.

கை காலில் பட்டை கட்டி, ஒரு பெட்டியோடு ஒயரை இணைத்தார்கள். நீளமாக ஒரு காகிதம் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இருதயம் வீங்கியிருக்கிறது என்றார். வீங்கிக் கிடப்பது கால்தானே, இவர் என்ன நெஞ்சையும் சேர்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. மாத்திரை எழுதிவிட்டுக் கடைசியில், "உப்பு சேர்க்கக் கூடாதும்மா. பத்தியமா இருக்கணும்" என்றார்.

அவர் பேசியதில் எனக்கு நன்றாகப் புரிந்த சொல் அது ஒன்றுதான். பத்தியம் எனக்குத் தெரியாதா? மஞ்சள் காமாலைக்கு இருந்திருக்கிறேன், பிள்ளை பெற்று இருந்திருக்கிறேன். நாட்டு வைத்தியர் மருந்து கொடுத்தால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். இதைப் போய் ஒரு டாக்டரிடம் கேட்பார்களா?

அடுப்படிச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போட்டேன். உப்பில்லாத களியைப் பார்த்து வீட்டுக்காரர், "ஏம்புள்ள, இதைய மாட்டுக்கு வெச்சா என்னைய முட்டும்" என்பார். நான் அசையவில்லை. வீக்கம் வடிந்தது. கிணற்று மேடு வரை தானாகப் போய் வந்தார். நாற்பத்தெட்டு முடிந்ததும் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, பத்தியம் முறித்தேன். கோழிக் குழம்பு, கூடவே ஆட்டுக்கறி உப்புக்கண்டம் வறுவல். மனிதர் விரலைச் சூப்பிச் சாப்பிட்டதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அடுத்த இரண்டு நாளும் அதே விருந்துதான்.

நான்காம் நாள் காலை அவரால் படுக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. வாடகைக் கார் பிடித்துச் சேலத்துக்கு ஓடினோம். ஊசி போட்டு மூச்சு நிதானப்பட்ட பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா உப்பு போடச் சொன்னது?"

"நாள் முடிஞ்சுதுங்க. பத்தியம் முறிச்சுட்டனுங்க."

"என்ன நாள்?"

"ஒரு மண்டலமுங்க."

அவருக்கு என் மண்டலம் புரியவில்லை. எனக்கு அவர் கோபம் புரியவில்லை. சொன்னதற்குக் குறையாமல்தானே செய்தேன்?

"இதை முறிக்கவே கூடாதும்மா. அவர் இருக்கிற வரைக்கும் இப்படித்தான்."

முடிவில்லாத பத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. எதற்கும் ஒரு கணக்கு உண்டல்லவா? வாய் சும்மா இருக்கவில்லை.

"அது எத்தன நாளுங்க?"

டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன கேட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.