கோரையில் வெள்ளைத் துண்டுகள்

சட்டைப்பையில் கிடந்த டிஷ்யூவைக் கவனிக்காமல் துவைத்துவிட்டேன். கறுப்புச் சட்டை முழுக்க வெள்ளைத் துணுக்குகள். ஹென்டர்சனில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியடியில் அதைப் பார்த்தபடி நின்றதில், எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

தொண்ணூறுகளில் ஒரு பின்னேரம், மான் வேட்டைக்குப் போயிருந்தோம். சதுப்பு நிலத்தில் பனிமூட்டம் முழங்கால்வரை கிடந்தது. அப்பாவின் அம்பு பட்ட மான் ஆளுயரக் கோரைக்குள் ஓடி மறைந்திருந்தது. உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்று அரை மணித்தியாலம் அப்பா, அம்மா, நான் மூவரும் அசையாமல் இருந்தோம். சேறு, ஆறிப்போன தேநீர்போல மணத்தது.

பிறகு அம்மா முன்னால் நடந்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் ஒனிஹங்காவில் லாண்டரி வேலை அவருக்கு. எது இரத்தக் கறை, எது துரு என்று பார்த்ததும் சொல்லுவார். இரத்தத்துளி கண்ட இடத்திலெல்லாம் கோரையில் ஒரு டிஷ்யூத் துண்டைச் செருகினார். திரும்பிப் பார்த்தால் பனிக்குள் வெள்ளைப் பூக்கள் மிதந்தன.

"இருட்டுதப்பா. தேடினது காணும், வாரும் போவம்," என்றார் அப்பா.

அம்மா நிமிரவில்லை. "சண்டையில காயப்பட்ட என்ர தம்பியை ஊரில விட்டிட்டு வந்தது காணாதே? இதையும் விடச் சொல்லுறீங்களோ?"

எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அப்பா வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மான் நீரோரம் இறந்து கிடந்தது. உடலில் சூடு ஆறவில்லை. அதன் கழுத்தில் கையை வைத்தபடி அம்மா வெகுநேரம் குந்தியிருந்தார்.

"ஜஸ்ட் ஷேக் இட், மம்," என்கிறாள் இப்போது கொடியடியில் என் மகள்.

நான் உதறவில்லை. துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன், ஒன்றையும் விடாமல்.