அழகாய்க் கடைந்த ஷாஃப்ட்

பாபநாசம் கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய நெல் குடோன் ஒன்றில் என் பட்டறை இருக்கிறது. பெயர் அப்சர் பிரிசிஷன் ஒர்க்ஸ். போர்டு எழுதியவர் அதைப் ‘பிரிஷிசன்’ என்று எழுதிவிட்டார். துல்லியம் என்று பொருள்படும் சொல்லிலேயே பிழை. நான் அதைக் கவனித்தது, போர்டை மாட்டி ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்து முடித்த பிறகுதான்.

அதற்கு முன் பல வருஷம் ஷார்ஜாவில் ஒரு மெஷின் ஷாப்பில் இருந்தேன். மகன் அங்கே இன்ஜினியர் என்று அத்தா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் நான் ஆபரேட்டர். யாரோ எழுதிய புரோகிராமை ஏற்றுவேன், பச்சைப் பட்டனை அழுத்துவேன், கதவைத் திறந்து சாமானை எடுத்துப் பெட்டியில் அடுக்குவேன். அந்தச் சாமான் எதற்கு, எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஊர் திரும்பும்போது, அத்தா சொன்னதை நானே நம்பியிருந்தேன்.

வந்ததும் ஒரு பழைய சிஎன்சி லேத் வாங்கினேன். கணினி சொல்கிறபடி இரும்பைக் கடையும் இயந்திரம். குடோனில் அது வந்து இறங்கிய அன்று என் மனைவி நிலோஃபர் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இதுல என்னங்க வரும்?”

“எது வேணும்னாலும் வரும்.”

ஆறு மாசம் கழித்து அவளே கேட்டாள். “எது வேணும்னாலும் வரும்னீங்க. ஏன் ஒண்ணும் வரல?”

ஒன்றும் வரவில்லை என்று சொல்ல முடியாது. பித்தளையில் சாவி வளையம் வந்தது. மைத்துனனின் பைக்குக்கு அலுமினியத்தில் குமிழ் வந்தது. அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி நீலச் சாயம் ஏற்றிக்கூட வாங்கினேன். எல்லாவற்றையும் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போடுவேன். முகம் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பேன்.

போன சம்பா அறுவடையில்தான் முதல் நிஜமான வேலை வந்தது. திருப்பனந்தாள் பக்கம் குந்தவை அக்கா என்று ஒருவர். சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருக்கிறார், சேற்றிலும் ஓடுகிற செயின் வண்டி. அறுத்த கதிரை உள்ளே இழுக்கிற பாகத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்டை, ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது.

“பாய், இதே மாதிரி ஒண்ணு வேணும். கம்பெனியில கேட்டா வர ஒரு வாரம் ஆகும்ங்கிறான். வயல்ல பயிர் சாஞ்சு கெடக்கு. வானத்தைப் பாத்தீங்களா?”

நான் வானத்தைப் பார்க்கவில்லை. ஷாஃப்டைப் பார்த்தேன். கருப்பாக, கரடுமுரடாக இருந்தது. தடிமனான பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் இடத்தில் மூலை சரியாக வெட்டப்படாமல் லேசாக வளைந்து இறங்கியது. கம்பெனிக்காரனின் சோம்பேறித்தனம் என்று முடிவு செய்தேன்.

“இதைவிட நல்லாவே செஞ்சு தர்றேன்க்கா.”

பட்டறையில் கையில் கிடைத்த இரும்பில் கடைந்தேன். இருப்பதிலேயே கூர்மையான வெட்டு நுனியை மாட்டி அந்த மூலையைக் கத்தி முனை மாதிரி கூராக வெட்டினேன். பிறகு வழக்கம்போல பாலிஷ். ஷாஃப்டில் என் மீசை தெரிந்தது. ஸ்டேட்டஸ் வைத்தேன். நிறைய பேர் பாராட்டி நெருப்பு எமோஜி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் மதியம் குந்தவை அக்கா போன் செய்தார். “பாய், கொஞ்சம் வயலுக்கு வாங்க.” பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நிலோஃபரையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். என் பெருமையை அவளும் பார்க்கட்டும் என்ற ஆசை.

மெஷின் பாதி வயலில் நின்றிருந்தது. ஓட்டுநர் காத்தான் என் இரண்டு கைகளிலும் இரண்டு துண்டுகளை வைத்தார். என் ஷாஃப்ட்தான். இப்போது இரண்டு ஷாஃப்ட்.

“ஓவர் லோடு கொடுத்திருப்பீங்க” என்றேன்.

“நெல்லு அறுக்கத்தான் பாய் கொடுத்தோம்” என்றார் குந்தவை அக்கா. “பீரோவுல வைக்கிறதுக்குச் செஞ்சீங்களா?”

நிலோஃபர் வேறு பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

வரப்பில் உட்கார்ந்து உடைந்த இடத்தைப் பார்த்தேன். நான் கூராக வெட்டிய அதே மூலையில் முறிந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் தெரிகிற கோடுகள் மாதிரி, விரிசல் மூலையில் தொடங்கிப் படிப்படியாக உள்ளே போன தடம் இருந்தது. கூர்மையான மூலையில் விசை குவியும், அதனால் அங்கே வளைவு விடவேண்டும் என்பது பாலிடெக்னிக்கில் எனக்குப் பிடித்த பாடம். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார்.

“பழசுல இந்த எடம் வளைவாத்தானே இருந்துச்சு?” என்றாள் நிலோஃபர்.

“அதைத் திருத்திட்டேன்.”

“யாரு திருத்தச் சொன்னா?”

எழுந்து குந்தவை அக்காவிடம் போனேன். “தப்பு மெஷின்ல இல்லக்கா. என்கிட்டதான்.”

“அது இங்க எல்லாருக்கும் தெரியும் பாய். எப்ப தருவீங்க, அதைச் சொல்லுங்க.”

அன்றைக்கே திருச்சிக்குப் போய் உறுதியான உருக்கு வாங்கிக் கடைந்தேன். மூலையில் தாராளமாக வளைவு விட்டேன். மறுபடியும் திருச்சிக்கே தூக்கிப் போய், சூடேற்றிப் பதப்படுத்திக்கொண்டு வந்தேன். பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் வழவழப்பாகத் தீட்டினேன். மற்ற இடமெல்லாம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. கை துறுதுறுத்தது. பாலிஷ் சக்கரத்தைத் தேடினால் காணோம். நிலோஃபர் முன்கூட்டியே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

வயலில் காத்தான் அதைப் பூட்டும்போது கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. மெஷின் உறுமி நகர்ந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தால் ஷாஃப்ட் உடைந்துவிடும் போல ஒரு பயம், விட்டுவிட்டேன். சாய்ந்த பயிர் நிமிர்ந்து உள்ளே போயிற்று. தொட்டிக்குள் நெல் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் செய்த ஒரு சாமான் வேலை செய்வதை வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் பார்க்கிறேன். ஷார்ஜாவில் அத்தனை வருஷம் பெட்டி பெட்டியாக அடுக்கியவன், ஒற்றைச் செருப்போடு சேற்றில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று காத்தானிடம் சொன்னேன். ஈர வயலில் ஏது தூசி என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

வயலில் கடைசிச் சுற்று முடிந்து, நெல்லுக்குத் தார்ப்பாய் போர்த்திய பிறகே மழை இறங்கியது. குந்தவை அக்கா பாராட்டவெல்லாம் இல்லை. “அடுத்த வருசம் முன்னாடியே வர்றேன்” என்றார். அந்த ஷாஃப்ட் இன்றுவரை ஓடுகிறது.

இப்போது யார் வந்தாலும், இது எங்கே ஓடுகிறது, காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன மாசம் முத்துப்பேட்டையிலிருந்து ஹபீப் முகம்மது வந்தார். படகு வைத்திருப்பவர். இஞ்சின் ஷாஃப்டைச் சுற்றி மாட்டுகிற ‘புஷ்’ என்ற உலோக வளையம் ஒன்றை உப்புத் தண்ணீர் தின்றுகொண்டே இருக்கிறது என்றார். வெண்கலமா, துருப்பிடிக்காத உருக்கா என்று முன்பானால் பட்டறையில் இருந்தபடியே முடிவு சொல்லியிருப்பேன். அடக்கிக்கொண்டு, “ஓட்டிக் காட்டுங்க பாய், வர்றேன்” என்றேன்.

அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகு போயிற்று. கொஞ்ச நேரத்தில் நான் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, காலையில் சாப்பிட்ட இட்லியைத் தண்ணீருக்குக் கொடுத்தேன்.

“இஞ்சின் அந்தப் பக்கம் இருக்கு பாய்” என்றார் ஹபீப் முகம்மது.

“தெரியுதுங்க” என்றேன். “ஒரு நிமிசம், வந்து பாக்குறேன்.”