சாமியிடம் மட்டும் சொந்தப் பெயர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யானால் என் மோட்டார்சைக்கிள் சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்து நடுவில், மழையில் நின்றுபோகட்டும்! வக்கீல் ஆபீஸ் காகிதத்தை ஆள் கையில் சேர்ப்பது என் தொழில். காகிதம் கனக்காது, ஆள்தான் கிடைக்கமாட்டான். பிள்ளைச் செலவுக்காக வெளிநாட்டில் ஒளியும் தகப்பன்மாரைத் துரத்தியவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ஜொகூர்ப் பக்கம் மாசாய் ஊர் அடுக்குமாடியில் இருக்கும் சாந்தியின் வழக்கைக் கேளுங்கள். மகள் யாழினிக்கு எட்டு வயது. வகுப்பில் பலகை தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டும். தகப்பன் குணசீலன் சிங்கப்பூரில். அவன் இந்தப் பக்கம் கால் வைக்கும்போது, அவன்தான் என்று உறுதி செய்துகொண்டு, நான் சம்மனைக் கையில் கொடுக்கவேண்டும்.

திரும்பி வந்த கடிதம்

முதலில் வக்கீலம்மா சிங்கப்பூர் முகவரிக்கே கடிதம் போட்டார். உறைமேல் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று அழகான தமிழில் எழுதித் திரும்பி வந்தது. சாந்தியிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டர்லயும் இதே கையெழுத்துதான் அங்கிள். அதுவும் பொய்தான்."

பாதி மீசை

சனிக்கிழமை முடிவெட்ட மாசாய்க்கு வருகிறான் என்று துப்புக் கிடைத்தது. கடைக்குள் நுழைந்தேன். சாந்தி கொடுத்த படத்தில் இருந்த அதே முகம், பாதி மீசையோடு.

"குணசீலன்தானே?"

"நான் அண்ணன் தனசீலன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம். தம்பி கப்பல்ல போயிட்டான்."

சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடினான். கழுத்தில் கட்டிய துணி பாலம் தாண்டும்வரை கொடிபோலப் பறந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் கத்தியோடு வாசலில் நின்றார்.

"போன மாசம் குணசீலன், இந்த மாசம் தனசீலனா? அலமாக்! என் துணியை இப்போ எந்த அண்ணன்கிட்ட கேக்கிறது?"

அர்ச்சனைத் தட்டு

கிருத்திகைக்கு மட்டும் அவன் முருகன் கோயிலைத் தவறவிடமாட்டான் என்றாள் சாந்தி. நானும் தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் அவனுக்கு நேர் பின்னால் நின்றேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள். அவன் திரும்பினான், என்னைப் பார்த்துவிட்டான். வாய் 'தன...' என்று தொடங்கி நின்றது. குருக்கள் மறுபடி கேட்டார்.

"குணசீலன். அவிட்டம்." கொஞ்சம் பொறுத்து, மெல்ல, "யாழினி. சுவாதி."

மகளின் நட்சத்திரம் மறக்கவில்லை! அந்த நிமிஷம் கோயில் மணி தானாகவே அடித்தது, நம்பாவிட்டால் போங்கள். அர்ச்சனை முடியும்வரை காத்திருந்து, அவன் தட்டில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் உறையை வைத்தேன். அவன் ஓடவில்லை. அண்ணன் பெயரையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படி அங்கிள்? பலன் அவனுக்குப் போயிடும்லா!"

கண்ணாடி

கோர்ட்டுக்கு வந்தான், பிள்ளைச் செலவுக்கு ஒத்துக்கொண்டான். முதல் மாதமே யாழினிக்குக் கண்ணாடி வந்தது. காட்டுவதற்காக ஓடி வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, அம்பது வயசுன்னு சொன்னீங்க. இவ்வளவு சுருக்கம் இருக்கே!"

கோர்ட்டுக்கு அண்ணன் பெயரைக் கொடுப்பவனும் வரம் கேட்கும்போது சொந்தப் பெயரைத்தான் கொடுக்கிறான் என்பதே இந்தத் தொழிலில் நான் கண்டது. இதையெல்லாம் யார் சொன்னதென்று வெளியே மூச்சுவிடாதீர்கள், விடாமல் கேட்டால் என் அண்ணன் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.