அர்சலின் பாட்டுக்கு நான்காம் சரணம்

பெல்மான்ட்டில், கார்னிவல் போட்டியில் ஊரையும் ஆளையும் கேலி செய்து பாடும் பழைய கலிப்ஸோப் பாட்டு பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அர்சலின் குவாஷியிடம்தான் கேட்பார்கள். எந்தக் கார்னிவலில் எது ஜெயித்தது, ஜெயித்திருக்க வேண்டியது எது, எந்தப் பாடகன் மூக்கால் பாடினான், எவன் சொல்லை மென்று விழுங்கினான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சனிக்கிழமைகளில் தெருமுனையில் சவுஸ் விற்பாள். வேகவைத்த பன்றிக்காலை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, வெள்ளரியும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டது. பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பாட்டு வந்தால் மட்டும், கையில் என்ன பிசுக்கு இருந்தாலும், எட்டி அணைத்துவிடுவாள்.

அது அவளைப் பற்றிய பாட்டு. அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது லார்ட் பாரோமீட்டர் என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்ட பாடகன் கட்டியது.

*சனிக்கிழமை சாப்பிட்டேன் அர்சலின் கையாலே,
ஞாயித்துக்கிழமை பூராவும் கொல்லைப்புறத்திலே!*

அந்த வருஷம் தீவு முழுக்க அதைத்தான் பாடியது. நாற்பது வருஷம் ஆகியும் விடவில்லை. ஊருக்கே அவள் டான்ட்டி, அத்தை மாதிரி. "டான்ட்டி, நாளைக்கு எந்த வேலையும் வெச்சுக்காமத்தான் வந்திருக்கேன், ஒரு தட்டு குடு" என்று வாரம் ஒருவனாவது சொல்லாமல் இருக்கமாட்டான். அர்சலினும் சிரித்தபடியே தட்டை நீட்டுவாள். சிரிப்பு உதட்டோடு சரி.

பாட்டு மட்டமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். பாழாய்ப்போன மெட்டு, அத்தனை நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். ஆனால் பாட்டில் ஒரு குறை உண்டு என்று அவளுக்குத் தெரியும். நல்ல கலிப்ஸோ நான்காம் சரணத்தில் திரும்பி, சொன்னவனையே ஒரு கடி கடிக்கும். இதில் மூன்றுதான். பாரோமீட்டர் அவசரத்தில் பாதியிலேயே விட்டுவிட்டான்.

"அப்பவே கேஸ் போட்டிருக்கணும்டீ" என்பாள் பக்கத்து வீட்டு டெல்ஃபின்.

"கோர்ட்டுக்குப் போனா அதையும் ஒரு பாட்டாக் கட்டிருப்பான். பாட்டுக்குப் பதில் பாட்டுதான், அதுவும் நேருக்கு நேர்."

"அப்போ பாடேன், யாரு தடுத்தா?"

பாடியிருப்பாள். எத்தனையோ முறை மனசுக்குள் கட்டிப் பார்த்தாள். எதுகை வந்தால் குத்து வராது, குத்து வந்தால் எதுகை நொண்டும். பாட்டை அவ்வளவு நன்றாக அறிந்தவளுக்குத் தன் பாட்டு பிடிக்கவே இல்லை.

இந்த ஜனவரியில் டெல்ஃபின் செய்தி கொண்டுவந்தாள். பாரோமீட்டர் மகனோடு இருக்க புரூக்ளினுக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை டென்டில் கடைசியாகப் பாடுகிறான். கலிப்ஸோ பாடும் இடத்துக்கு டென்ட் என்று பெயர்தான், தொழிற்சங்கத்துக் கூடம் அது.

அர்சலின் மிளகாய் நறுக்குவதை நிறுத்தினாள். அவன் போய்விட்டால் பதிலை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது?

"நீ பாடி நல்லா இல்லேன்னா ஜனங்க டாய்லெட் பேப்பரைத் தூக்கி ஆட்டுவாங்க, தெரியும்ல?" என்றாள் டெல்ஃபின். "அதுவும் உன் பாட்டுக்கு!"

"வாயைக் கழுவு."

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பாரோமீட்டர் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றான். இளைத்திருந்தான், குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் பாட்டை எடுத்தான். மூன்று சரணமும் முடிந்ததும் ஜனங்கள் "கைசோ! கைசோ!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் வந்தால் பாடகன் புதுச் சரணத்தோடு திரும்பி வரவேண்டும். அவன் வந்தான். ஆனால் பழைய மூன்றாவதையே மறுபடி தொடங்கினான்.

அர்சலினுக்குப் பொறுக்கவில்லை. தன் பெயர் கெட்டது ஒரு பக்கம், பாட்டு இப்படி மொட்டையாக நிற்பது இன்னொரு பக்கம். எழுந்துவிட்டாள்.

"ஏய் பாரோமீட்டரு! நாப்பது வருஷமா அதையே பாடறியே, நாலாவது எங்கே?"

கூடம் திரும்பிப் பார்த்தது. "டான்ட்டிடா! அர்சலினேதான்!" என்று யாரோ கூவினார்கள். வாத்தியக்காரர்கள் நிறுத்தாமல் மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் நொண்டிய எதுகை அந்த மெட்டில் தானே வந்து விழ, இடுப்பில் கை வைத்து அவள் பாடினாள்:

*ரம்மைக் குடிச்சு வந்தவன் யாரு? ராப்பூரா ஆடினது யாரு?
சும்மா இருந்த என் தட்டு மேலே பழியைப் போட்டது யாரு?
நாப்பது வருஷம் என் பேரை வித்து நல்லாத் தின்னியே சோறு,
அது மட்டும் வயித்துக்கு எப்படி ஒத்துக்கிச்சு? அதைக் கொஞ்சம் கூறு!*

டெல்ஃபின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் "கைசோ!" என்றான். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டது.

பாரோமீட்டர் தொப்பியைக் கழற்றி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"ரம் குடிச்சது நெசம்தான்" என்றான் மைக்கில். "ஆனா மிளகாயும் கொஞ்சம் தூக்கல்தான்மா."

"தின்னத் தெரியாதவனுக்கு எல்லாம் தூக்கல்தான்!"

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இந்தப் பாட்டுக்கு முடிவு தேடித் தேடி அலுத்துட்டேன். சவுஸ் கடையில ஊறிக்கிட்டு இருந்திருக்கு! இன்னொரு தடவை பாடு, நான் பிடிச்சுக்கறேன்." இரண்டாம் முறை அவளோடு சேர்ந்து பாடினான். ஒவ்வொரு 'யாரு'வுக்கும் தன் நெஞ்சிலேயே விரலை வைத்துக் காட்டினான்.

மறுநாள் வழக்கம்போல முனையில் கடை. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. அர்சலினின் கை பழக்கத்தில் எட்டியது, பாதியில் நின்றது. பழைய ரெக்கார்டு, மூன்று சரணத்தோடு ஓய்ந்துபோகும். ஓயும் இடத்தில் நான்காவதை அவளே எடுத்துப் பாடினாள், வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே.

வரிசையில் முதலில் நின்றவன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்:

"டான்ட்டி, ஒரு சொட்டு ரம் தொடாமத்தான் வந்திருக்கேன். ஒரு தட்டு குடு."

"எங்கே, ஊது பார்ப்போம்" என்றாள் அர்சலின். ஊதினான். முகத்தைச் சுளித்தாள். "பொய் சொல்றே" என்றாள், தட்டை நிரப்பிக்கொண்டே.