சோபாவை விட்டு எழ முடியாமல் இருந்தேன்

என் கடைசி மகள் ஜரீனாவைச் சவுதியில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் காட்ட, எங்கள் வீட்டு சோபாவில் உட்கார வைத்துப் படம் எடுத்தோம். சோபாவின் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. மன்னார்குடி ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே அதற்குச் சிவப்புப் பூத்துணி போட்டுக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரமே மாப்பிள்ளையின் தாயார் நன்னிலத்திலிருந்து சொல்லாமல் வந்துவிட்டார். கிழிசல் மேல் போர்வையைப் போட்டு, அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். வந்தவரை வரவேற்கக்கூட எழவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனது.

"லாத்தா, கொஞ்சம் எந்திரிங்க. படத்துல இருந்த பூத்துணியப் பாக்கணும். எங்க சோபாவுக்கும் அதையே போடப் போறோம்" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னார் அந்தம்மா.

இனி எங்கே ஒளிவது? எழுந்து போர்வையை நானே விலக்கினேன். "அந்தத் துணி கம்ப்யூட்டர்ல போட்டதுங்க."

அவர் முகம் மாறியது. "அப்ப பொண்ணு முகமும் கம்ப்யூட்டர்ல போட்டதுதானா?"

டீயோடு வந்த ஜரீனாதான், "நல்லாப் பாத்துக்குங்க மாமி. படத்துல இருந்த பரு அப்படியே இருக்கு" என்றாள். அந்தம்மா சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் யார் படம் எடுக்க வந்தாலும், இருப்பது இருக்கிறபடியே விழட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜரீனாவின் நிக்காஹ் படத்திலும் அந்தக் கிழிசல் இருக்கிறது.