ஆடு தலையை உதறியபோது

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகருக்கு வெளியே ஒரு பண்ணை முற்றத்தில் நிற்கிறேன். என்னை அழைத்து வந்தவள் என் ஈழத்துத் தோழியின் மகள் அபிரா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்க வரலாறு படிக்கிறாள். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வீட்டு விசேஷங்களில் பலி கொடுத்த விதத்தை இன்று அவளுடைய வகுப்பு நடித்துக் காட்டுகிறது.

வெள்ளைத் துணி சுற்றிய மாணவர்கள் ஒரு செம்மறியாட்டுக்கு மாலை போட்டு, பார்லி தானியம் நிரப்பிய ஒரு கூடையோடு அழைத்து வருகிறார்கள். அபிரா அதன் தலையில் தண்ணீர் தெளிக்கிறாள். எல்லோரும் பேசாமல் காத்திருக்கிறார்கள். ஆடு தலையை உதறுகிறது. உடனே பெண்கள் நம்மூர்க் குலவை போலவே ஒலி எழுப்புகிறார்கள்.

எங்கள் மதுரைப் பக்கத்துக் கோயில்களிலும் இப்படித்தான். ஆடு உதறினால் சம்மதம் என்று அர்த்தம். அடுத்த நொடி அரிவாள் இறங்கும். அந்தப் பார்லிக் கூடைக்குள்ளிருந்து ஒரு மாணவன் கத்தியை எடுக்கிறான்.

"வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு ஓடி அவன் கையைப் பிடித்துவிடுகிறேன்.

கத்தி மரத்தால் ஆனது.

"அன்ரி, பயப்பிடாதேங்கோ. நாங்கள் வெட்ட மாட்டம், நடிப்புத்தான்" என்று அபிரா என்னை அணைத்துக்கொள்கிறாள்.

"அப்போ ஆட்டை விட்டுடுவீங்கல்ல?"

அவள் பண்ணைக்காரரிடம் ஜெர்மன் மொழியில் கேட்கிறாள். அவர் ஆட்டின் கழுத்தைத் தடவியபடி சிரித்த முகத்தோடு பதில் சொல்கிறார். அபிராவின் முகம் மாறுகிறது.

"வெள்ளிக்கிழமை இறைச்சிக்குப் போகுதாம், அன்ரி."

மரக்கத்தியைப் பார்த்து அலறிய எனக்கு இப்போது சத்தமே வரவில்லை.