முள் இல்லாத எலி

கீழ்வீட்டு அக்காவின் சமையலறை மேசையில் அந்த எலியை முதன்முதலாகப் பார்த்தபோது நான் இரண்டடி பின்னால் போனேன். பெருவிரல் நீளம். சாம்பல் நிறம். மெல்லிய தோலில் வெட்டிய வால். எலி எனக்குப் புதிதில்லை. ஆனால் அது உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அல்லவா இருந்தது.

"பயப்படாதம்மா. மான் முடி," என்றார் அக்கா. "மீனுக்கு."

"நீங்கள் மீன் சாப்பிடுறேல்லையே?"

"சாப்பிட மாட்டேன். வந்து கடிக்கிறதைப் பாக்கணும்."

நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோ நகரத்தின் குரோருட்டில், ஒரே படிக்கட்டில் மேலும் கீழுமாக இருப்பவர்கள். அவர் மதுரையிலிருந்து கணினி வேலைக்காக வந்தவர். நான் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலைக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, இப்போது இங்கே ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் அக்கா. ஆரம்பத்தில் இருவரும் பாதி பேச்சை ஊகித்துத்தான் புரிந்துகொண்டோம். சீக்கிரம் வாருங்கள் என்பதற்கு நான் "கெதியா வாங்கோ" என்றால் அவர் ஏதோ கேடு வந்துவிட்டது என்று பதறுவார். நான் "மான்மயிர்" என்று சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய ஊரில் அந்தச் சொல்லைப் பெரியவர்கள் முன்னால் சொல்ல மாட்டார்களாம். பிறகு நான் அதை வேண்டுமென்றே அடிக்கடி சொன்னேன்.

அந்த வருடம் மாசி மாதம் ரயில் நிலையத்துக்கு வெளியே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தவரிடம், விரலுக்கு வேலை கொடுங்கள், பொத்தான் போடுங்கள், களிமண் பிசையுங்கள் என்று கைப்பயிற்சி தருபவர் சொல்லியிருந்தார். களிமண்ணை இரண்டு நாள் பிசைந்தார். மூன்றாம் நாள் அதைச் சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார்.

புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போன ஒரு பிற்பகலில்தான் தூண்டிலுக்குப் பொய்யிரை கட்டும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். இறகும் நூலும் மயிரும் வைத்து ஈ, தும்பி, வண்டு என்று கட்டுகிறார்கள். தண்ணீர்மேல் அது மிதந்தால் ட்ரவுட் மீன் உண்மையென்று நம்பி வந்து கடிக்கும். எல்லாரும் நோர்வேஜிய ஆண்கள். அக்கா நின்று பார்த்ததும் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டாராம். ஆனால் ஈ கட்டுவதற்கு அவருடைய விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அரிசியளவு சாமானைப் பிடிக்கவே முடியவில்லை. அப்படியென்றால் இருப்பதிலேயே பெரியதைச் செய்து பாருங்கள் என்று அவர்கள் கொடுத்ததுதான் எலி.

பிறகு எத்தனையோ மாலைகளில் அவர் அதைக் கட்டுவதை எதிரில் இருந்து பார்த்திருக்கிறேன். சிறிய இடுக்கி ஒன்றில் தூண்டில் முள்ளை இறுக்கி வைப்பார். மான்மயிரில் ஒரு கற்றை எடுத்து முள்ளின் தண்டில் வைத்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார். இழுக்கும்போது மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நாலாபக்கமும் எழும்பும். அதைப் பின்னால் தள்ளி நெருக்கிவிட்டு அடுத்த கற்றை. மான்மயிர் உள்ளே குழலாக இருப்பதால்தான் மிதக்கிறது. நெருக்கமாகக் கட்டாவிட்டால் தண்ணீர் குடித்து அமிழ்ந்துவிடும். நெருக்கமாகக் கட்ட வேண்டுமென்றால் நூலைப் பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுவையில் மணிக்கட்டு வலித்து, மேலுதட்டில் வேர்வை அரும்பும். நான் ஏதும் சொன்னால் பிடிக்காது என்று தெரியும். தேநீர் ஊற்றிப் பக்கத்தில் வைப்பேன். கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி அந்தச் சிலிர்த்த பந்துக்குள்ளிருந்து ஒரு எலியை வெளியே எடுப்பார். ஒன்றுக்கு நான்கு மாலைகள் பிடித்தன.

முதலில் செய்தவற்றுக்குக் காதும் கறுப்பு மணிக் கண்ணும் வைத்திருந்தார். பார்க்க அத்தனை வடிவு. கழுவுதொட்டியில் விட்டதும் புரண்டு மல்லாந்தன. அன்றைக்கு அவர் செய்த காரியத்தை நான் இன்னும் பலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேக் சுடும் கண்ணாடித் தட்டில் தண்ணீர் நிரப்பி, எலியை அதில் விட்டு, என்னிடம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"என்ன செய்யிறியள் அக்கா?"

"மீன் கீழேருந்துதானே பாக்கும். அதுக்கு என்ன தெரியுதுன்னு பாக்குறேன். கொஞ்சம் ஆட்டு."

ஆட்டினேன். தண்ணீர் அவருடைய முகத்தில் கொட்டியது. துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காதும் தெரியல, கண்ணும் தெரியல. வயிறும் வாலும்தான். நான் அழகுக்குன்னு செஞ்சதெல்லாம் வீண் வேலை."

அந்த எலியை அப்போதே பிரித்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தார். இப்படிப்பட்டவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பைத்தியம் என்று தோன்றும். பக்கத்திலிருந்து பார்த்தால் பொறாமையாக இருக்கும். நான் எதற்காகவும் தரையில் படுத்ததில்லை.

கட்டி முடித்த எலியின் வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின் வளைவை அவர் குறட்டால் நறுக்கி எறிந்துவிடுவார். அதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. நான் மீன் சாப்பிடுவதைக் குறைசொன்னதும் இல்லை. "எனக்கு மீன் வேண்டாம். அது நம்புதான்னு தெரிஞ்சாப் போதும்," என்றார், அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் இருந்தது. தூண்டில் கம்பை வீசுவதற்கு அவருடைய மணிக்கட்டு இடம் கொடுக்காது. இடக்கையால் எழுதக்கூடப் பழகாதவர்.

"நீ எறி," என்றார். "நான் எலி, நீ கை."

அப்படித்தான் வைகாசியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள புல்தரையில், நுனியில் கம்பளி நூல் கட்டிய கயிற்றை நான் வீசிப் பழக ஆரம்பித்தேன். அக்கா ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து கைபேசியில் காணொளி பார்த்து, "பத்து மணிக்கு நிப்பாட்டு, பின்னால ரெண்டு மணியைத் தாண்டாதே," என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்வார். கயிறு என் கழுத்தில் சுற்றியது. குழந்தைகளின் ஊஞ்சலில் மாட்டியது. இரண்டாம் மாடியில் இருக்கும் பாகிஸ்தான்காரர் தினமும் நாயோடு போகும்போது, இன்றைக்கு எத்தனை மீன் என்று முகம் மாறாமல் கேட்பார். ஆனி மாதத்தில் கம்பளி நூல் நான் நினைத்த பூச்செடிக்குப் பக்கத்தில் போய்ப் பூப்போல இறங்கத் தொடங்கியது. பாகிஸ்தான்காரர் நின்று கைதட்டினார். எனக்கு நல்ல பெருமை.

ஆடியில் நூலகத்துக் கூட்டத்திலிருந்து செய்தி வந்தது. இந்த வருடம் மலைகளில் லெமன் பெருகிவிட்டதாம். லெமன் என்பது மலைமேல் வாழும் வால் குட்டையான எலி. சில வருடங்களில் கணக்கில்லாமல் பெருகும். அந்த வருடங்களில் அவை ஏரிகளை நீந்திக் கடக்கும்போது பெரிய ட்ரவுட்டுகள் பட்டப்பகலிலேயே பிடித்து விழுங்கும். "இதுக்கு மேல நல்ல நேரம் கிடைக்காது," என்றார் அக்கா. அடுத்த சனிக்கிழமை என்னுடைய காரில் புறப்பட்டோம். முள்ளே இல்லாமல் போகிறோம், மீன்பிடி அனுமதி அட்டை எதற்கு என்று கேட்டேன்.

"ஏமாத்தப் போறோம்ல. அதுக்காவது பெர்மிஷன் வாங்கணும்," என்று கைபேசியில் வாங்கிவிட்டார்.

வால்ட்ரெஸ் மலைப்பக்கம், மரங்கள் முடிந்து பாசியும் குட்டைச் செடியுமாக இருக்கும் உயரத்தில் ஒரு ஏரி. காரிலிருந்து முக்கால் மணி நேர நடை. வழியில் முதலாவது லெமனைப் பார்த்தோம். மஞ்சளும் கறுப்புமாக, உருண்டையாக, பாதையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. ஓடவில்லை. என் சப்பாத்தின் அளவுகூட இல்லாத ஒரு சீவன் இரண்டு மனிதர்களை விலகிப் போகச் சொல்கிறது. அக்கா குந்தியிருந்து அதன் முழு ஏச்சையும் கேட்டு முடித்தார். பிறகு நாங்கள்தான் சுற்றிக்கொண்டு போனோம்.

ஏரியிலிருந்து ஓடை புறப்படும் இடத்தில் நின்றுகொண்டேன். மேகம் மூடிய பகல், காற்று இல்லை. எலியைக் கயிற்று நுனியிலுள்ள தங்கூசி இழையில் முடிந்து எறிந்தேன். புல்தரையில் பழகியதெல்லாம் வீண்போகவில்லை. எலி ஒவ்வொரு முறையும் அழகாக, சத்தமில்லாமல், நினைத்த இடத்தில் போய் அமர்ந்தது. மெதுவாக இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கல் மாறினேன், கரை மாறினேன். நடுவில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். எதிர்க்கரையில் ஒரு நோர்வேஜியர் சாதாரணத் தூண்டிலோடு நின்றிருந்தார். எங்களை நோக்கி ஒரு முறை கையசைத்தார். பின்னேரம் ஐந்து மணியளவில் என் தோள் விட்டுப்போனது.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னாலை இனி ஏலாது."

"குடு இங்க."

"உங்கடை கை…"

"இடது கை நல்லாத்தானே இருக்கு."

கம்பை இடக்கையில் வாங்கினார். அவர் வீசியதை வீச்சு என்று சொல்ல முடியாது. கயிறு பாதி சுருண்டு, எலி கரையோரப் பாறையில் அடித்து, உருண்டு, தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. எங்களுக்கும் அதற்கும் ஐந்தாறு மீட்டர்தான் இடைவெளி. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் கயிற்றைச் சுருட்டத் தெரியாமல் கம்பை ஆட்டி ஆட்டி இழுத்தார். எலி நின்று, நடுங்கி, இரண்டடி நகர்ந்து, மறுபடி நின்றது.

அதன் பின்னால் தண்ணீர் உயர்ந்தது.

அலை என்று நினைத்தேன். காற்றில்லாத ஏரியில் ஏது அலை. ஒரு மேடு, எலிக்குப் பின்னால், எலியின் நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. அக்காவும் பார்த்துவிட்டார். ஒரு வாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. எலி அங்கேயே மிதந்தது. மீன் தவறவிட்டிருந்தது.

"இழுங்கோ. விடாதேங்கோ, இழுங்கோ."

"எப்படி இழுக்கணும்?"

"முந்தி இழுத்த மாதிரி. பிழையா."

பிழையாக இழுத்தார். இரண்டாவது முறை அது வாலால் எலியை அடித்துவிட்டுப் போனது. மூன்றாவது முறை வந்தபோது முழு உடம்பும் மேலே வந்தது. பழுப்பும் பொன்னுமாக, சிவப்புப் புள்ளிகளோடு, என் முழங்கை நீளம். எலியைக் கவ்விக்கொண்டு திரும்பிக் கீழே போனது. கம்பு வளைந்தது.

பாட்ஸ்பியோர்ட்டில் மீனின் வாசத்திலேயே வளர்ந்தவள் நான். தொழிற்சாலையில் ஓடும் பட்டியில் வரிசையாக வரும் வெள்ளைத் துண்டுகளாகத்தான் எனக்கு மீனைத் தெரியும். அதற்கு ஒரு விருப்பம் இருக்கும், பிழைவிட்டால் கோபம் வரும், திரும்பத் திரும்ப முயலும் என்று அந்த நிமிடத்தில்தான் கண்டேன்.

அக்கா இழுக்கவில்லை. இடக்கையால் கம்பைப் பிடித்தபடி, வலக்கையை மெதுவாகக் கொண்டுவந்து கயிற்றின்மேல் விரல்களை மூடினார். முழுதாக மூடினார். நாலு விநாடி, ஐந்து விநாடி இருக்கும். பிறகு கயிறு தளர்ந்தது. எலி தனியே மேலே வந்து மிதந்தது.

"போயிடுச்சு," என்றார். கண் நிறைந்திருந்தது. "எவ்வளவு பலம் தெரியுமா? தலையை ஆட்டுது. அதுவே என் கையைப் பிடிச்சு ஆட்டுற மாதிரி."

நான் என்னுடைய இரண்டு மணி நேர அழகான வீச்சுகளைப் பற்றிச் சொல்லி வருந்தினேன். அவர் நனைந்த எலியைக் கையில் எடுத்தார்.

"எலி அழகா விழாதும்மா. வழுக்கித்தான் விழும். நானும் அப்படித்தானே விழுந்தேன்."

எதிர்க்கரைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஓடையைக் கடந்து நேராக வந்தார். பெரிய மீன் தப்பிவிட்டதே, முடிச்சு அவிழ்ந்ததா என்று கவலையோடு கேட்டார். அக்கா எலியைக் கவிழ்த்துக் காட்டினார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, முள் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நெருக்கமாக மான்மயிர் கட்டியதை எங்கேயும் பார்த்ததில்லை, யார் செய்தது என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். தான் சாப்பிடுவதற்காகப் பிடிப்பவன், முள்ளோடு தனக்கொன்று கட்டித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா உடனே சரி என்றார்.

நடந்து திரும்பும்போது, அது எப்படி முள்ளோடு செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவர் சாப்பிடுறார், நான் பாக்குறேன். எலி ரெண்டு பேருக்கும் நல்லா மிதக்கணும்."

அந்த எலியை ஆவணியில் தபாலில் அனுப்பினார். அதற்குள் வேலைக்கும் திரும்பிவிட்டார். இப்போது நாங்கள் மலைக்குப் போகும்போது காரில் இரண்டு தூண்டில் கம்புகள் இருக்கும். ஒன்று இடக்கைக்காரருக்கு. மற்றது எனக்கு. என் எலிகளைத் தொப்பென்று விழவைக்க நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். அழகாக எறியக் கற்றதை மறப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.